ஆறாவது இறக்கை

அன்று காலை என் தங்கையைப் பார்த்து நான் கடைசியாகச் சொன்னது, "போய்த் தொலை!" கோபம் வந்தால் என் வாயில் அதுதான் வரும். அவள் பிறந்ததிலிருந்து நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். அவளும் ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விடுவாள். அவள் போன இருபதாவது நிமிடம் தட்டில் கிடந்த ரப்பர் துண்டுகளை எண்ணியபோதுதான், என்ன சொல்லித் தொலைத்தேன் என்று எனக்கு உறைத்தது.

நான் படகு மோட்டார் மெக்கானிக். தங்கை ஆற்றின் கழிமுகத்தில் படகு ஓட்டுகிறாள், இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போவாள். அவளுடைய மோட்டார் சூடாகிறது என்று விடிந்ததும் கொண்டு வந்தாள். அடிப்பாகத்தைக் கழற்றிப் பார்த்தால், நான் நினைத்ததுதான். இம்பெல்லர் போயிருந்தது. உள்ளங்கை அகல ரப்பர் சக்கரம் அது, ஆறு இறக்கை. அது சுற்றினால்தான் ஆற்றுத் தண்ணீர் மேலே ஏறி மோட்டாரைக் குளிர வைக்கும். ஏறிய தண்ணீர் பின்பக்கத் துளை வழியாகப் பீய்ச்சியடித்து வெளியே விழும்.

மூன்று இறக்கைகள் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. மற்றவை பிய்ந்துபோயிருந்தன. பிய்ந்ததை எல்லாம் பொறுக்கி எடுத்து, பழைய சக்கரத்தோடு வைத்து ஆறு கணக்கு வந்த பிறகுதான் புதியதைப் போட்டு மூட வேண்டும். இருபது வருடமாக நான் அப்படித்தான் செய்கிறேன். அன்றைக்கு மட்டும் செய்யவில்லை.

காரணம், அவள் வாய். அக்கரைக்குப் போக வேண்டிய நர்ஸம்மா தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பெட்டிக்குள் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. "ஒரு ரப்பர் சக்கரம் மாத்த ரெண்டு மணி நேரமா? நீ மோட்டார் ரிப்பேர் பண்றியா, இல்ல அதுக்குப் பொண்ணு பார்க்குறியா?" என்று தங்கை கேட்டாள். நர்ஸம்மா சிரித்துவிட்டார். எனக்கு மூக்கு நுனியில் கோபம். புதியதை மாட்டினேன், மூடினேன், டிரம் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். துளையில் தண்ணீர் ஜோராகப் பீய்ச்சியது. "எடுத்துக்கிட்டு போய்த் தொலை!"

அவள் போன பிறகு தட்டைக் கழுவ எடுத்தேன். சக்கரத்தில் மூன்று, தட்டில் இரண்டு. ஐந்து.

மறுபடி எண்ணினேன். எண்ணினால் கூடுமா? ஆறாவது ஒன்று தரையில் கிடக்க வேண்டும், இல்லையென்றால் மோட்டாருக்குள் தண்ணீர்க் குழாயில் இருக்க வேண்டும். உள்ளே இருந்தால், டிரம்மில் ஐந்து நிமிடம் ஓடியதெல்லாம் ஒன்றுமே இல்லை. முழு வேகத்தில் போகும்போது துண்டு நகர்ந்து குழாயை அடைத்துக்கொள்ளும். மோட்டார் கொதித்து அப்படியே இறுகி நின்றுவிடும். அன்றைக்கு ஒன்பது மணிக்கு மேல் ஆற்றுத் தண்ணீர் வற்றிக் கடலை நோக்கி இழுக்கும். கழிமுகத்தில் மோட்டார் நின்ற படகை, அலை மடிந்து உடைகிற இடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் அந்த இழுப்பு ஓயும். மணி எட்டு ஐம்பது.

போன் போட்டேன். என் முதுகுக்குப் பின்னால், ஸ்பேனர் அலமாரியில், சார்ஜில் போட்டபடி அவள் போன் அடித்தது.

நான் கத்திய கத்தலில் என் மனைவி ஓடி வந்தாள். இருவரும் முட்டி போட்டுத் தரையைத் தடவினோம். "கூட்டி வைங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே," என்றாள். சொல்லும்போதே அழுதாள். மேஜைக்கடியில் கிரீஸ் பிசுக்கிலிருந்து கறுப்பாக எதையோ எடுத்து நீட்டினாள். "என்னங்க, இதுவா பாருங்க!"

எனக்கு உயிர் வந்தது. சக்கரத்தில் பிய்ந்த இடத்தில் அதை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. தடிமன் வேறு, போன மாதம் வந்த வேறு ஏதோ மோட்டாருடையது. வந்த உயிர் வந்த வழியே போய்விட்டது.

துறைக்கு ஓடினேன். செருப்பு எங்கே கழன்றதென்று தெரியாது. ஐஸ் கடைக்காரர் மட்டும்தான் அங்கே இருந்தார்.

"என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி வர்ற?"

"படகு வேணும். தங்கச்சி மோட்டார் நின்னுடும்."

"எல்லாம் கடலுக்குப் போயிடுச்சே. துடுப்புப் படகுதான் கிடக்கு. இந்த இழுப்புல துடுப்பு போட்டா நீயும் சேர்ந்து போவ." என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "இரு. சத்தம் கேளு."

வளைவுக்கு அப்பால் மோட்டார் சத்தம் கேட்டது. அது அவளுடையதுதான், தூக்கத்தில் கேட்டாலும் எனக்குத் தெரியும். நின்றது.

எவ்வளவு நேரமோ. மறுபடி புறப்பட்டது, மெதுவாக, இருமுவதுபோல். மறுபடி நின்றது. ஒவ்வொரு தடவை நின்றபோதும் இனி வராது என்றே நினைத்தேன். அம்மா செத்தபோதுகூட நான் சாமியைக் கூப்பிடவில்லை. அப்போது கூப்பிட்டேன்.

கரையை ஒட்டியபடி படகு வளைவில் தெரிந்தது. நர்ஸம்மா ஒரு கையால் பெட்டியையும் மறு கையால் படகின் விளிம்பையும் இறுக்கியிருந்தார். ஏறி வந்ததும், "இனிமே பாலம் கட்டுனா சொல்லுங்க," என்றவர் ஐஸ் கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

தங்கை என்னைப் பார்த்தாள். "பாதி வழியில துளையில தண்ணி நூலா வர ஆரம்பிச்சுது. உடனே அணைச்சு நங்கூரம் போட்டேன். ஆற விட்டு ஆற விட்டுக் கொஞ்சம் கொஞ்சமா வந்தேன்."

"எப்படிப் பார்த்த? ஓட்டும்போது முன்னாடிதானே பார்ப்ப?"

"இன்னைக்குத் திரும்பித் திரும்பிப் பின்னாடியேதான் பார்த்துக்கிட்டுப் போனேன்." படகுக் கயிற்றை முளையில் சுற்றினாள். "எனக்குத் தெரிஞ்சு நீ ஆறு எண்ணாம மூடுனது இன்னைக்குத்தாண்ணா."

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. என் வேலையை நம்பாததால்தான் அவள் உயிரோடு என் முன்னால் நிற்கிறாள்.

பட்டறையில் அடிப்பாகத்தை மறுபடி கழற்றி, குழாயின் மேல் முனையிலிருந்து காற்றடித்தேன். கறுப்புத் துண்டு ஒன்று தட்டில் வந்து விழுந்தது. சக்கரத்தில் வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. வாய்விட்டு எண்ணினேன், ஆறு வரைக்கும்.

அவள் ஸ்டூலை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தாள். கேலியில்லை, கோபமுமில்லை.

"இன்னொரு தடவை எண்ணு," என்றாள்.

எண்ணினேன்.