ஏலத்தில் எடுத்த இடது கை

கடவுள் கொடுத்த ஒரு இடது கையின் விலை, ஈஸ்ட் ஹாம் நிலவரப்படி, ஆட்டத்துக்கு இருநூற்றிருபது பவுண். கை ஜெரோசனுடையது. விலை வைத்தவர் சவிரிமுத்து. அதைக் கொடுத்து மாளாமல் முழி பிதுங்கி நின்றவரும் அவரேதான்.

சவிரிமுத்துவுக்கு ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் பலசரக்குக் கடை. மன்னாரில் அவருடைய தகப்பன் கருவாடு விற்றார், பெரியப்பன் புடைவை விற்றார், தாய்மாமன் என்ன விற்றார் என்பது பொலிசுக்கே கடைசிவரை விளங்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் பேரம் கேட்டு வளர்ந்த மனுசன், ஐம்பத்தெட்டு வயதுவரை தெரிந்துகொண்டே நட்டத்தில் நடத்தியது ஒன்றே ஒன்று: ‘ஈஸ்ட் ஹாம் அலைகள்’ கூடைப்பந்துக் கழகம். பந்து வலைக்குள் விழும்போது எழுகிற அந்த ‘சளக்’ சத்தத்துக்கு மட்டும் அவரால் கணக்குப் பார்க்க முடியாது.

லண்டனில் தமிழ்க் கழகங்கள் எட்டுச் சேர்ந்து ஞாயிறுகளில் ஆடும் போட்டி அது. ஆட்டக்காரர்களைப் பங்கிடுவது ஏலத்தில். ஏலம் நடப்பது மாதா பெருநாள் அன்று, கோயில் முற்றத்தில், நேர்த்திக்கடனாய் வந்த சாமான்களை ஏலம் கூறி முடித்த கையோடு. அந்த ஏலத்துக்குப் போனவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு பவுண் மாம்பழத்தை நூற்றைம்பதுக்கு ஏற்றி எடுத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போவதற்கு அங்கே பக்தி என்று பெயர். அந்தச் சூடு ஆறமுதலே ஆட்டக்காரர்களையும் கூறினால் விலை எங்கே நிற்கும்?

அதுவும் அந்தக் கோயில் வழக்கம் வேறு. மாதாவுக்கு முன்னால் பெயர் சொல்லிப் பெருமை அடிக்கக் கூடாதென்று, கூறுகிறவர் தொகையை மட்டும்தான் கூவுவார். கேட்டவர் யாரென்று முடிவில்தான் தெரியும். ஜெரோசனின் முறை வந்தபோது சவிரிமுத்து தேநீர்க் கொட்டகைப் பக்கம் நின்று விலை கேட்டார். தொண்ணூறோடு மற்றக் கழகங்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டன. ஆனால் ஒலிபெருக்கிக்குப் பின்னால் நின்ற எவனோ ஒருவன் மட்டும் விடாமல் ஏற்றினான். நூற்றிருபது. நூற்றறுபது. இருநூறு. சவிரிமுத்துவுக்கு ரோசம் வந்தது. இருநூற்றிருபது என்று அடித்து முடித்தார். சனம் கைதட்டியது. ஒலிபெருக்கிக்குப் பின்னாலிருந்து மச்சான் நிர்மலன், மனைவியின் தம்பி, கழகத்தின் பொருளாளர், வியர்த்து விறுவிறுக்க வெளியே வந்தான்.

“ஆர் அந்த விசரன் எண்டு பாத்தன் அத்தான். நீங்களோ!”

“நீ ட்ராபிக்கிலை நிக்கிறன் எண்டெல்லோ சொன்னனி?”

“நீங்கள் வரமாட்டியள் எண்டெல்லோ அக்கா சொன்னவா!”

ஒரே கழகம், ஒரே பணப்பெட்டி, இரண்டு பக்கத்திலிருந்தும் ஏலம். சொந்தப் பையில் கைவிட்டுச் சொந்தக் கையையே முறுக்கினமாதிரி. பிறகு குறைக்கலாமா என்றால், அதற்கும் வழியில்லை. மாதா முன்னால் கூவின விலை, போட்டி முடியும்வரை விலைதான். கொடுக்கிறவனும் குறைக்கக் கூடாது, வாங்குகிறவனும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒரேயொரு வாசல் திறந்திருந்தது: கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்கு முன்னர் அந்த விலையோடேயே ஆளை வேறு கழகத்துக்குக் கைமாற்றலாம்.

மார்கழி பிறந்தது. பெட்டியில் இருந்தது இரண்டாயிரத்து ஐந்நூறு. தையிலிருந்து மண்டப வாடகை ஆயிரத்து எண்ணூறு, வருகிற திங்கட்கிழமை கட்டவேண்டும். மிச்சமிருந்த பத்து ஆட்டத்துக்கு ஜெரோசனுக்கு இரண்டாயிரத்து இருநூறு. குறை ஆயிரத்து ஐந்நூறு. திங்கள் தவறினால் மண்டபத்தைப் பிடிக்கப் பட்மின்டன்காரர் வாசலில் வரிசையாய் நிற்கிறார்கள். மண்டபம் போனால் கழகம் போச்சு. இதற்கிடையில் ஜெரோசன் ஆட்டத்துக்கு முப்பது புள்ளி எடுக்கிறான், அலைகள் அட்டவணையில் நாலாவதாய் மிதக்கிறது. ஏலம் போகாத மற்றப் பெடியளுக்குக் கிடைப்பது பஸ் காசும் ஒரு மட்டன் றோல்ஸும்.

“கொள்கலனிலை வாற சாமான் எல்லாத்துக்கும் விலை குறைக்கிறியள். ஒரு பெடியன்ரை கையிலை போய் மாட்டுப்பட்டியளே,” என்றாள் றோஸ்மலர், கல்லாவில் இருந்தபடி. மனைவி என்றால் இதற்குத்தான்.

சனிக்கிழமை காலை விம்பிள்டனிலிருந்து தவமலர் வந்தாள். அங்கே புடைவைக் கடை வைத்திருப்பவள். ‘விம்பிள்டன் வீரர்’ கழகத்துக்கும் அவள்தான் தலைவி. டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் அந்தக் கடைசித் தொங்கலிலிருந்து இங்கேவரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குந்தியிருந்து வந்திருக்கிறாள் என்றால் சும்மா வரவில்லை. சவிரிமுத்து பின்னறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் கதிரை போட்டுத் தேநீர் கொடுத்தார்.

“சவிரிமுத்தண்ணை, உங்கடை ஜெரோசனைப் போலை ஒரு பிள்ளை லண்டனிலை இல்லை,” என்று தொடங்கினாள். “அந்த இடக்கை! அந்த உயரம்! பாக்கப் பாக்கக் கண் நிறையுது.”

“ஓம் தங்கச்சி, பெறுமதியான பிள்ளை.”

“அவன்ரை இருநூற்றிருபதையும் நான் பொறுப்பெடுக்கிறன். பதிலுக்குத் தர்சிகனையும் சயந்தனையும் தாறன். ரெண்டு பேருக்கும் நாப்பது நாப்பது. சொன்ன நேரத்துக்கு வருவினம்.”

சவிரிமுத்து மனதுக்குள் கூட்டிக் கழித்தார். பத்து ஆட்டத்தில் ஆயிரத்து நானூறு மிச்சம். மூச்சு வந்தது. தலையை ஆட்டப் போனார். தவமலர் தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, போகிற போக்கில் சொல்வதுபோலச் சொன்னாள்: “ஒண்டண்ணை. ஜெரோசன் தனிய வந்தால் பாவம், ஒரு மாதிரி இருப்பான். கூட்டுக்கு அந்தக் கட்டைப் பெடியனையும் விடுங்கோவன். பேர்கூட வருகுதில்லை. சும்மா வாங்கிலை குந்தி இருக்கட்டும்.”

“எந்தக் கட்டைப் பெடியன்?”

“உந்த... நிஷாந்தோ என்னவோ. பதினொராம் நம்பர்.”

சவிரிமுத்துவின் தலை ஆடாமல் நின்றது. பெயர் தெரியாத பெடியனுக்கு நம்பர் தெரிகிறது. அதோடு இன்னொன்று. முப்பது வருசமாய் அவர் சாமான் வாங்க வருகிற சனத்தைப் பார்க்கிறார். வேண்டாத மரக்கறியைத்தான் தூக்கிப் பிடித்துப் புகழுவார்கள். வேண்டியதை மூக்கைச் சுளித்துக்கொண்டு, ‘இதையும் போடுங்கோவன்’ என்று கடைசியில் பைக்குள் தள்ளுவார்கள். தவமலரோ தேர்ந்த வியாபாரி. விரும்பிய பட்டுப் புடைவையை அவள் ஒருநாளும் வாயால் மெச்சினதில்லை.

ஆழம் பார்க்க நினைத்தார்.

“ஜெரோசனைக் கொண்டுபோங்கோ. நிஷாந்தை விட ஏலாது. என்ரை கடை வானிலையிருந்து மூட்டை இறக்கிறவன் அவன்தான்.”

“அப்பிடியெண்டால்...” தவமலர் கோப்பையைக் கீழே வைத்தாள். “வீட்டிலையும் ஒருக்காக் கதைச்சுப்போட்டுச் சொல்லுறனே.”

“சரி, மறுவளமாய்ப் பாப்பம். ஜெரோசன் இஞ்சை நிக்கட்டும். நிஷாந்தை மட்டும் எடுங்கோ.”

“எவ்வளவுக்கு?”

கேள்வி அவர் வாய் மூடமுதலே வந்துவிட்டது. வந்த பிறகு அவளும் நாக்கைக் கடித்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை.

“கள்ளி,” என்றார் சவிரிமுத்து.

“நீங்கள் மட்டும் திறமோ? ஆறு மாசமாய் அவனை வைச்சுக்கொண்டு பாக்காமல் இருந்தியளே அண்ணை! போய் நாளைக்கு அவனை மட்டும் பாருங்கோ. பந்தைப் பாக்காதையுங்கோ.” தவமலர் எழும்பினாள். “கத்தரிக்காய் நல்லா இருக்கோ? ரெண்டு கிலோ போடுங்கோ. வந்த ரயில் காசுக்கு ஏதாவது பாத்துப் போடுங்கோ.”

பார்த்துத்தான் போட்டார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் சவிரிமுத்து மண்டபத்துக்குப் போனார். ஒன்பதுக்குப் பயிற்சி என்றால் பெடியள் பத்துக்குத்தான் வருவார்கள். வாடகை என்னவோ ஒன்பதிலிருந்தே ஓடும். ஆனால் இரண்டு பேர் மட்டும் வந்திருந்தார்கள்: ஜெரோசனும் நிஷாந்தும். தவமலர் சொன்னபடி அவர் பந்தைப் பார்க்காமல் நிஷாந்தை மட்டும் பார்த்தார்.

பார்க்கப் பார்க்கத் தன்மேலேயே வெட்கம் வந்தது. அந்தக் கட்டையன் ஒருக்காலும் கூடையைப் பார்ப்பதில்லை. ஜெரோசனின் இடது தோளைப் பார்ப்பான். தோள் திரும்பமுதலே பந்து அங்கே போய்க் காத்திருக்கும், விருந்துக்கு வந்த சம்பந்தியைப்போல. ஜெரோசன் கையை நீட்டினால் போதும். முப்பது புள்ளியில் பாதி இவனுடையது. இவ்வளவு நாளும் கழகம் ஒருவனுக்குத் தங்க விலையும் மற்றவனுக்கு றோல்ஸும் கொடுத்திருக்கிறது.

ஆக ஜெரோசனை விற்றால் நிஷாந்தின் பந்தை வாங்கிக் கூடையில் போட ஆளில்லை. நிஷாந்தை விற்றால் ஜெரோசன் வெறும் இருநூற்றிருபது. இரண்டையும் விற்றால் கழகம் எதற்கு? விற்காவிட்டால் நாளைக்குத் திங்கட்கிழமை.

ஜெரோசனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னார்.

“நானா அங்கிள் இருநூற்றிருபது கேட்டனான்?” என்றான் ஜெரோசன், வியர்வையைத் துடைத்தபடி. “நீங்களும் நிர்மலன் அங்கிளும் உங்களுக்குள்ளை ஏத்தினியள். சனமெல்லாம் இண்டைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்குது. நூறுக்குக் குறையுங்கோ, எனக்குப் பிரச்சினை இல்லை.”

“மாதா முன்னாலை கூவினது தம்பி. குறைக்க ஏலாது.”

“அப்ப விம்பிள்டனுக்குப் போகவோ?”

“போனால் உனக்கு ஆர் பந்து தருவினம்?”

ஜெரோசன் திரும்பி நிஷாந்தைப் பார்த்தான். “அவன் இல்லாமல் நான் பாதி ஆள். அது எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாதே?”

அந்த நேரம் மண்டப வாசலில் ஒரு கூட்டம். பக்கத்துக் கட்டடத்தில் தமிழ் வகுப்பு. ஆசிரியர் பிந்துவதாகச் செய்தி அனுப்பியிருந்தாராம். குளிருக்கு ஒதுங்கத் தாய்மார் பிள்ளைகளோடு உள்ளே வந்திருந்தார்கள். ஒரு சின்னப் பெட்டை உருண்டு வந்த பந்தைத் தூக்கினாள். நிஷாந்த் குந்தி இருந்து, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாய்ப் பந்தில் விரித்து வைத்தான். ஜெரோசன் அவளைத் தூக்கிப் பிடித்தான். பந்து விழுந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் சப்பாத்தோடு ஓடி வந்தார்கள்.

கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு தாய், பெனிற்றா என்று பெயர், சவிரிமுத்துவின் பக்கம் சாய்ந்தாள்.

“அண்ணை, இது என்ன கிளாஸ்? என்ன பீஸ்?”

இலவசமாய்ச் சிரித்து விளையாடும் பிள்ளைகளைப் பார்த்து ‘என்ன பீஸ்’ என்று கேட்பதற்கு எங்களுடைய தாய்மாரை விட்டால் உலகத்தில் ஆளில்லை. சவிரிமுத்துவின் தலைக்குள் ஒரு தராசு ஆடி நின்றது. விலையைக் குறைக்க ஏலாது, சரி. நிறையைக் கூட்டக் கூடாதென்று மாதா எங்கே சொன்னாள்? அதே இருநூற்றிருபதுக்கு ஆட்டமும், ஆட்டத்துக்கு முதல் ஒரு மணித்தியாலம் வகுப்பும். மண்டபமோ ஒன்பதிலிருந்து பத்துவரை சும்மா கிடக்கிறது, வாடகையும் கட்டியாகிறது.

“ஒரு பிள்ளைக்குக் கிழமைக்கு எட்டுப் பவுண். தையிலை தொடங்குது. பத்துக் கிழமை, முற்காசு.”

“எனக்கு ரெண்டு பிள்ளையள். பதினாலுக்குப் பாருங்கோ.”

“பதினைஞ்சு.”

“பதினாலெண்டால் வட்ஸ்அப்பிலை கோயில் பங்குச் சனம் எல்லாருக்கும் போட்டுவிடுறன்.”

“பதினாலு,” என்றார் சவிரிமுத்து, மிகுந்த மரியாதையோடு.

சவிரிமுத்து தன் திட்டத்தைச் சொல்ல, ஜெரோசன் தலையைச் சொறிந்தான். “ஒரு மணித்தியாலம் கூட வேலை. சரி அங்கிள். ஆனால் இவனும் நிக்கவேணும். எனக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியாது, போடத்தான் தெரியும்.”

நிஷாந்த் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அந்தச் சின்னப் பெட்டை அவனுடைய காற்சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அண்ணா, அகெயின்!” என்றாள். அவன் சிரித்துக்கொண்டே திரும்பவும் குந்தினான்.

திங்கட்கிழமை மத்தியானம் நிர்மலன் கடைக்கு வந்து, கணக்கைக் கல்லாவில் வைத்து உரத்துச் சொன்னான். றோஸ்மலர் ஒவ்வொன்றாய்த் தட்டிச் சரிபார்த்தாள். தனிப் பிள்ளைகள் பதினொன்று, எண்ணூற்றெண்பது. சகோதரச் சோடிகள் நாலு, ஐந்நூற்றறுபது. கூட்டுத்தொகை ஆயிரத்து நானூற்று நாற்பது.

“அறுபது குறையுது அத்தான்.”

“அதை நானும் நீயும் முப்பது முப்பதாய்ப் போடுவம். ஆளுக்கு ஆள் ஏத்தினதுக்குக் குற்றக் காசு.”

நிர்மலன் முனகிக்கொண்டு முப்பதை எடுத்து வைத்தான். மண்டபக் காசு அன்றே போய்ச் சேர்ந்தது.

ஆக வரவு: பெட்டியில் இரண்டாயிரத்து ஐந்நூறு, வகுப்பில் ஆயிரத்து நானூற்று நாற்பது, குற்றக் காசு அறுபது; மொத்தம் நாலாயிரம். செலவு: மண்டபம் ஆயிரத்து எண்ணூறு, ஜெரோசன் இரண்டாயிரத்து இருநூறு, அதுவும் நாலாயிரம். கையிருப்புப் பூச்சியம். நிஷாந்துக்குக் கொடுக்கவேண்டியது: நிறைய, இன்னும் பாக்கி.