சாப்பாட்டு ஜெபம்

"நான் வரல. எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னு பிஷப்புக்குப் போன் பண்ணிச் சொல்லிடு" என்றான் ரூலன் தோர்லி. கழுத்து டையை அவன் அவிழ்ப்பது இது மூன்றாவது முறை.

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?" என்றாள் அவன் மனைவி நெட்ரா, மத்தியானம் மாட்டுக்கறி வேகவைத்த சட்டியைத் தேய்த்துக்கொண்டே.

"பொய் இல்ல. மேடையேறினா கட்டிக்கும். முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன், அவ்ளோதான்."

மணி மூன்று. நான்கு மணிக்குச் சபைக் கூட்டம். அதில் ஜெபத்தைப் பற்றி இருபத்தைந்து நிமிடம் பேசப்போவது நெட்ரா. பேச்சு முடிந்ததும் இரண்டு நிமிடம் ஜெபம் பண்ண வேண்டியவன் ரூலன். அவன் ஆண் என்பதைத் தவிர அந்த வேலைக்கு அவனிடம் வேறு தகுதி எதுவும் கிடையாது. அது அவனுக்கே நன்றாகத் தெரியும்.

நெட்ராவின் தகுதியைச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போதாது. அவர்கள் குடியிருக்கும் அந்த அமெரிக்கப் பள்ளத்தாக்கிலேயே பீட்ரூட் போட்ட ஒரு விவசாயியின் மகள். இரண்டு குழந்தைகளுக்குப் பிறகு சிகாகோ போய், ஜெபத்தின் வரலாற்றை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினாள். அந்த நான்கு வருடமும் ரூலன் அங்கே ஒரு பட்டறையில் வெல்டிங் வைத்து, வீட்டில் துணி துவைத்துப் போட்டான். திரும்பி வந்து கல்லூரியில் பத்தொன்பது வருடமாகச் சமயவியல் கற்பிக்கிறாள். இப்போது துறைக்கே தலைவி. கத்தோலிக்கத் துறவிகள் அவளுக்குக் கடிதம் எழுதிச் சந்தேகம் கேட்பார்கள். யூத குரு ஒருவர் பைபிளின் சங்கீதங்களைப் பற்றி விவாதிக்க வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனார். ரூலன் அவருடைய காரின் புகைக்குழாயைப் பற்றவைத்துக் கொடுத்தான்.

ஆனால் பத்து வருடத்துக்கு முன்னால், 1967-இல், அவர்களுடைய மார்மன் கிறிஸ்தவ சபையின் தலைமையிடத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. ஞாயிறு கூட்டத்தில் இனி ஜெபம் ஆண்களுக்கு மட்டுமே. அதற்கு முன்பு அதே மேடையில் எத்தனையோ முறை ஜெபம் பண்ணியவள் நெட்ரா. ஏன் என்று கேட்டாள். காரணம் யாருக்கும் தெரியவில்லை. காரணம் இருந்தால் ஆதாரம் காட்டி மறுத்திருப்பாள். இல்லாத காரணத்தை எந்த நூலகத்தில் போய்த் தேடுவது?

இந்த வருடம் வேறு மழையும் இல்லை, பனியும் இல்லை. அவள் அண்ணன் ஓர்வல் ஆடுகளை விற்க ஆரம்பித்துவிட்டான். அப்பாவின் நிலம் வெடித்துக் கிடந்தது. அந்த நிலத்துக்காகத் தன் வாயால், தன் சபையின் நடுவில் நின்று ஒரு தடவை கேட்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அந்த ஆசையில் அவளுக்குத் தூக்கமே போயிற்று. சனிக்கிழமை காலை பிஷப் லமார் ஸ்டாடர்டுக்குப் போன் பண்ணிவிட்டாள். அவர் வாரத்தில் ஆறு நாள் டிராக்டர் டயர் விற்பவர். ஏழாம் நாள் பிஷப். ஒரு காலத்தில் நெட்ராவிடம் பழைய ஏற்பாடு படித்துத் தட்டுத் தடுமாறித் தேறியவரும் கூட.

"கடைசி ஜெபத்தை நானே பண்ணிடட்டுமா, பிஷப்? ரூலனுக்கு மேடைன்னா ஆகாது."

"சிஸ்டர் தோர்லி, ஜெபத்தப் பத்தி நீங்க எவ்ளோ வேணாலும் பேசலாம். பண்ணத்தான் கூடாது."

"சரி, பேச்சோட கடைசிப் பகுதியக் கண்ண மூடிக்கிட்டுப் பேசினா?"

"வேண்டாம். நீங்க கண்ணத் திறந்தே பேசுங்க."

ரூலன் டையை நான்காம் முறையாகக் கட்டினான். இருபது வயதில் ஒரே ஒரு முறை மேடையேறியவன் அவன். மைக்கைப் பார்த்ததும் மயங்கிப் பூத்தொட்டியின் மேல் விழுந்தான். அந்தத் தொட்டியைக் கொடுத்த குடும்பம் இன்னும் அதை மறக்கவில்லை. வீட்டில் அவனுக்குத் தெரிந்தது சாப்பாட்டு ஜெபம் ஒன்றுதான். முப்பது வருடமாக ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொல்லி வருகிறான்.

"நீ ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்துடேன்" என்றான்.

"எழுதி வாசிச்சா அது ஜெபம் இல்லன்னு சொல்லுவாங்க. மனசுலேர்ந்து வரணுமாம்."

"என் மனசுல வெல்டிங் ராடுதான் இருக்கு, நெட்ரா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஈரக் கையோடு அவன் டையைச் சரிசெய்து விட்டாள்.

கூட்டத்தில் அவள் நன்றாகவே பேசினாள். பிஷப் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். பாட்டு முடிந்தது. ரூலன் எழுந்து மைக்கின் முன்னால் நின்றான். இருநூறு பேரும் கைகளைக் கட்டி, தலையைக் குனிந்து, கண்களை மூடிக்கொண்டார்கள்.

சத்தமே இல்லை. பின்னால் மேடை நாற்காலியில் உட்கார்ந்திருந்த நெட்ரா கண்ணைத் திறந்து பார்த்தாள். அவன் காதுகள் பீட்ரூட் நிறத்துக்கு வந்திருந்தன. மேடையில் இன்றும் ஒரு பூத்தொட்டி இருந்தது.

"பரம பிதாவே" என்று ஆரம்பித்தான் ரூலன். "இந்த ஆகாரத்துக்காக உமக்கு ஸ்தோத்திரம்."

யாரோ இருமினார்கள்.

"இது எங்கள் சரீரத்துக்குப் போஷாக்கும் பெலனும் தரும்படி ஆசீர்வதியும். இதைச் சமைத்த கைகளை ஆசீர்வதியும்."

அதோடு வண்டி நின்றுவிட்டது. அவனுடைய ஜெபத்தில் அடுத்தது ஆமென். ஆமெனுக்கு அடுத்தது சோறு. இங்கே சோறு இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. உடம்பு லேசாக ஆடியது.

நெட்ரா எழுந்து அவன் தோளருகில் வந்து நின்றாள். "காய்ந்து கிடக்கும் எங்கள் நிலத்தைப் பாரும்" என்று முணுமுணுத்தாள்.

"காய்ந்து கிடக்கும் எங்கள் நிலத்தைப் பாரும்" என்றான்.

"தண்ணீர் ஓடாத வாய்க்கால்களைப் பாரும்."

அவன் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. மறந்துவிட்டானா என்று அவள் பயந்தாள். ரூலன் அரை அடி விலகி நின்றான். பட்டறைக் கை, மைக்கின் கழுத்தைப் பிடித்து, சத்தம் வராமல், அவள் பக்கம் வளைத்தது.

அவள் இருநூறு தலைகளைப் பார்த்தாள். ஒரு கண்ணும் திறக்கவில்லை. பிஷப்பின் கண்கள் மட்டும் மற்றவர்களுடையதைவிட இறுக்கமாக மூடிக்கொண்டன.

நெட்ரா ஜெபம் பண்ணினாள். விற்கப்போகும் ஆடுகளுக்காகவும், விற்க மனமில்லாதவர்களுக்காகவும், பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தக்காளிச் செடிக்குச் சுமக்கும் பெண்களுக்காகவும் கேட்டாள். மழை கேட்டாள். புத்தகத்தில் படித்த எந்தச் சொல்லும் அவளுக்குத் தேவைப்படவில்லை. முடிவில் ரூலன் சொன்ன ஆமெனில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

வாசலில் பிஷப் வந்து ரூலனின் கையைக் குலுக்கினார். "ரொம்ப உருக்கமா இருந்துச்சு, பிரதர் தோர்லி."

"அதுல சாப்பாடு மட்டுந்தான் என்னுது, பிஷப்."

"நான் கண்ண மூடியிருந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாது."

"காதையுமா மூடியிருந்தீங்க?" என்றாள் நெட்ரா.

பிஷப்புக்குத் தொப்பியைத் தேட வேண்டிய அவசரம் வந்துவிட்டது. நேரில் பார்த்தேன் என்று சொல்லவும் சபையில் ஆள் இல்லை. சொன்னால் ஜெப நேரத்தில் கண்ணைத் திறந்த குற்றம் தன் தலையில் விழும். குறிப்பேட்டில் எழுத்தர் 'நிறைவு ஜெபம்: பிரதர் ரூலன் தோர்லி' என்று அழகாக எழுதி வைத்தார். பக்கத்துப் பண்ணை ஆர்வில்லா மட்டும் போகிற போக்கில் அவன் முதுகில் தட்டினாள். "ரூலன், இன்னிக்குத்தான்யா உன் குரல் குரலா இருந்துச்சு."

செவ்வாய்க்கிழமை மழை பெய்தது. பெரிய மழை இல்லை. புழுதி அடங்கும் அளவுக்கு. புதன்கிழமை காலை பிஷப்பிடமிருந்து போன்.

"பிரதர் தோர்லி, உங்க ஜெபத்துக்கு நல்ல பலன் இருக்கு. மேட்டு நிலமெல்லாம் இன்னும் நனையல. இந்த ஞாயித்துக்கிழமையும் நீங்களே..."

"பண்றேன். சிஸ்டர் எம் பக்கத்துல உக்காரணும்."

"அவங்க இந்த வாரம் பேசலையே. மேடையில உக்கார வைக்க ஏதாவது காரணம் வேணுமே?"

"தொண்டை கட்டிக்கிச்சுன்னு எழுதிக்கோங்க" என்று போனை வைத்தான் ரூலன்.

விடைத்தாள்களிலிருந்து நெட்ரா நிமிர்ந்தாள். "திரும்பவும் பொய்யா? உன் தொண்டைக்கு என்ன கேடு?"

"என் தொண்டைன்னு நான் எங்க சொன்னேன்?" என்றான் ரூலன். "பத்து வருஷமா உன்னோடதத்தானே கட்டி வச்சிருக்காங்க."