வெட்டி எடுத்த நாற்பது நொடி

போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் பதினோரு வருடமாகச் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவள் லோகேஸ்வரி. புதிதாக வேலைக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகள் மலாய் மொழியில் எழுதிய பாதுகாப்புப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, புரியாமலே வண்டியில் ஏறுவதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் தமிழில் பாட வீடியோ போட ஆரம்பித்தாள்.

வீடியோ வேலை அவளுக்குத் தெரியாது. முதல் வீடியோவில் அவள் குரலைவிடக் கிடங்கின் காற்றாடிச் சத்தம்தான் அதிகம் கேட்டது. அடுத்ததற்குப் படத்தைக் கிடங்கில் எடுத்துவிட்டு, குரலைத் தன் மைவி காரின் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு தனியாகப் பதிவு செய்தாள். சத்தம் போனது, ஆனால் கை ஒன்று செய்தது, வாய் வேறொன்று சொன்னது. தன் தவறைத் தானே பார்த்துப் பார்த்து, எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது, குரலைப் படத்தோடு எப்படிப் பொருத்துவது என்று போனிலேயே கற்றுக்கொண்டாள். ஏழாவது வீடியோ, சரிவில் சரக்கோடு இறங்குவதைப் பற்றியது. அதற்கு மட்டும் மூன்று வாரம் பிடித்தது.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், அலுவலகத்தில் கணினி பார்க்கும் பரீதா தன் போனை நீட்டினாள்.

"லோகா அக்கா, இது உங்க கை தானே?"

அவளுடைய கைதான். அவளுடைய வண்டி, அவளுடைய சரிவு. முகம் தெரிந்த இடங்களை வெட்டி எறிந்திருந்தார்கள். அவள் குரல் இருந்த இடத்தில் கரகரவென்று ஓர் ஆண் குரல், அவள் சொன்ன வார்த்தைகளையே சொல்லிக்கொண்டிருந்தது. மூலையில் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஒரு பயிற்சி நிலையத்தின் முத்திரை.

லோகேஸ்வரிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சரிவுப் பகுதி வந்ததும் சிரிப்பு நின்றது. சரக்கு எப்போதும் மேட்டைப் பார்த்து இருக்கவேண்டும், அதனால் பின்பக்கமாகத்தான் இறங்கவேண்டும் என்று அவள் இறங்கிக் காட்டிய நாற்பது நொடி அங்கே இல்லை. வண்டி மேலே நின்றது, அடுத்த கணம் கீழே நின்றது.

"இதை வெட்டலாமா பரீதா? இதுக்காகத்தானே அந்த வீடியோவே எடுத்தேன்!"

சனிக்கிழமை கொமுட்டர் ரயில் ஏறி நேராக பிரிக்பீல்ட்ஸுக்குப் போனாள். நிலையத்தை நடத்தும் சிவநேசன் குளிரூட்டிய அறையில் உட்கார வைத்து, குடிக்க என்ன வேண்டும் என்று கேட்டார்.

"ஒண்ணும் வேண்டாம். யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"நெட்ல போட்டா எல்லாருக்கும் பொதுதானே லா, அக்கா. நாங்களும் நம்ம பிள்ளைங்களுக்குத்தான் சொல்லிக்குடுக்கிறோம்."

"சரி, என் குரலை ஏன் எடுத்தீங்க?"

அவர் கொஞ்சம்கூடக் கூசவில்லை. "பொம்பள குரல்ல ஃபோர்க்லிஃப்ட் பாடம் போட்டா ஆம்பளைங்க வந்து சேருவாங்களா? தப்பா நினைக்காதீங்க. வேணும்னா கீழ உங்க பேரைச் சின்னதா போட்டுடறேன்."

"என் பேரு கிடக்கட்டும் பாஸ். அந்தச் சரிவு பகுதியை மட்டுமாவது முழுசா போடுங்க. அது இல்லாம பார்க்கிறவன் முன்பக்கமா நேரா இறங்கலாம்னு நினைப்பான். வண்டி சரக்கோட கவுந்துடும்."

"நீளமா இருந்தா யாரும் பார்க்கமாட்டாங்க, அக்கா" என்று சொல்லிக்கொண்டே அவர் போனை எடுத்துப் பேச ஆரம்பித்தார்.

அவள் எழுந்து வந்தாள்.

மறுநாள் காலை காருக்குள் உட்கார்ந்து பதிவை ஆரம்பித்தாள். முதல் தடவை வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள். திரும்பக் கேட்டபோது கோபத்தில் குரல் பிளந்து, ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. அதை அழித்தாள். தண்ணீர் குடித்துவிட்டு, வழக்கமான பாடக் குரலில் மறுபடி தொடங்கினாள்.

"வணக்கம். இன்னிக்கு வண்டி பாடம் இல்ல, எடிட்டிங் பாடம். ஒருத்தரோட வீடியோவுல குரலை எடுத்துட்டு வேற குரல் வைக்கிறது எப்படி, முகத்தை மறைக்கிறது எப்படி, வேண்டாத இடத்தை வெட்டுறது எப்படின்னு பார்ப்போம். உதாரணத்துக்கு இந்த வீடியோவை எடுத்துக்குவோம்."

திரையை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் தன் வீடியோவையும் வலப்பக்கம் அவர்களுடையதையும் ஓடவிட்டாள். எங்கே வெட்டினார்கள், எங்கே ஒட்டினார்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். சரிவு வந்ததும் வலப்பக்கத்தை நிறுத்திவிட்டு, அந்த நாற்பது நொடியை முழுசாக ஓடவிட்டாள். "இதைத்தான் நீளம்னு சொன்னாங்க" என்றாள், அவ்வளவுதான்.

ஓட்டுநர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அது பரவியது. மூன்றாம் நாள் நிலையம் தன் வீடியோவைச் சத்தமில்லாமல் நீக்கியது. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை.

"ஜெயிச்சிட்டீங்க அக்கா!" என்று பரீதா அவள் தோளைத் தட்டினாள்.

லோகேஸ்வரி காலையில் வந்த ஒரு செய்தியைத் திறந்து, போனை அவளிடம் கொடுத்தாள். பந்திங்கிலிருந்து விமலன் என்று ஒருவன் எழுதியிருந்தான்: 'அக்கா, நான் அவங்க வீடியோ பார்த்துதான் கத்துக்கிட்டேன். ரெண்டு மாசமா சரக்கோட நேராத்தான் இறங்குறேன். யாரும் சொல்லல.'

"இவன் எழுதிட்டான்" என்றாள் லோகேஸ்வரி. "எழுதாதவன் எத்தனை பேரு? அவன்கிட்ட யாருடி போய்ச் சொல்றது?"

விமலனுக்குப் பதில் எழுத போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.