ஒரு நாள் முந்தி

டிசம்பர் பதினாறாம் தேதிக்காக நான் அப்போது எழுதிக்கொண்டிருந்தது தேயிலையைப் பற்றி. 1773இல் அதே நாளில், வரியை எதிர்த்தவர்கள் பாஸ்டன் துறைமுகத்தில் கப்பலேறி முந்நூற்று நாற்பத்திரண்டு தேயிலைப் பெட்டிகளைத் தண்ணீரில் கொட்டினார்கள். சுமார் முந்நூற்றைம்பது என்று போட்டால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ஆனால் எனக்கு மனசு ஒப்பாது. இரண்டு புத்தகங்களைப் புரட்டி 342 என்று உறுதி செய்துகொண்டு நிமிர்ந்தால், அக்கா என் மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். இருபத்தைந்து வருடமாக நான் இந்தப் பத்திரிகையில் இருக்கிறேன். அவள் ஒரு தடவைகூட இந்தப் படியேறி வந்ததில்லை.

ஆறாம் பக்கத்து மூலையில் ‘இதே நாளில்’ என்று வருகிறதே, அந்தப் பத்தி என்னுடையது. அலுவலகத்தில் எனக்குப் பெயரே காலண்டர்தான். பீத்தோவன் எந்த நாளில் பிறந்தார் என்பதற்குப் பதிவு கிடையாது, ஞானஸ்நானம் நடந்த டிசம்பர் 17 மட்டும்தான் ஏட்டில் இருக்கிறது. ஆகவே ‘பிறந்தார்’ என்று நான் ஒரு வருடமும் எழுதியதில்லை, ‘ஞானஸ்நானம் பெற்றார்’ என்றுதான் எழுதுவேன். அந்த ஒரு சொல்லுக்காகப் பழைய ஆசிரியர் என்னை எல்லார் முன்னாலும் பாராட்டியிருக்கிறார். அதே பதினேழாம் தேதியில் அதற்கடுத்த வரி, 1903இல் முதல் விமானம் பறந்தது. அதற்கும் அடுத்த வரி எங்கள் ஊர்: ஆற்றுப்பாலம் இடிந்து பேருந்து கவிழ்ந்ததில் 38 பேர் பலி. “மேல போனவங்களும் கீழ போனவங்களும் ஒரே நாள்ல!” என்று புரூஃப் பார்ப்பவர் ஒருமுறை சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

மற்றவர்கள் திரும்பிப் பார்க்கவே, அக்காவைப் பழைய பேப்பர் அடுக்கி வைத்திருக்கும் அறைக்கு அழைத்துப் போனேன். ஆண்டுவாரியாக பைண்டு செய்த தடித்தடி வால்யூம்கள், ஒரு ஸ்டூல், ஒரு ஏணி. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“பாலத்துக் கமிட்டி செக்ரட்டரிகிட்ட பேசிட்டேன்டா. இருபத்தஞ்சு வருஷம் ஆச்சுன்னு இந்தத் தடவ செத்தவங்க பேரு வெட்டி நினைவுக்கல்லு வைக்கறாங்கல்ல, அதுல உங்க மாமா பேரையும் சேத்துக்கறேன்னுட்டாரு. முதல் தேதி உங்க பேப்பர்ல ஸ்பெஷல் பக்கம் வருதாமே. அதுல வர்ற பேரையெல்லாம் அப்படியே கல்லுல வெட்டிடுவாங்களாம். நீ போட்டா அவங்களும் போடுவாங்க.”

“மாமா போனது பதினாறாம் தேதிக்கா.”

“எனக்குத் தெரியாதா?” என்றாள்.

மாமா பெயிண்டர். பாலத்தின் அடிப்பக்கத்து இரும்புக்கு வர்ணம் அடிக்கும் வேலைக்கு அந்த மாதம்தான் போனார். பதினாறாம் தேதி மத்தியானம் அவர் காலடியில் இருந்த இரும்பு அப்படியே கழன்று, அவரையும் கூட்டிக்கொண்டு ஆற்றில் விழுந்தது. அவரோடு வேலை பார்த்தவர் நனைந்த துணியோடு வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “துரு தின்னு வெறும் தோலாட்டம் இருக்குது சார் உள்ள. நாங்க ரெண்டு நாளாச் சொல்லிக்கிட்டுதான் இருந்தோம்.” நான் இங்கே சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, வேலை நிரந்தரமாகவில்லை. லீவு சொல்ல வந்தவனைத் தலைமை உதவியாசிரியர் தோளில் தட்டினார். “உங்க மாமாவா? அடப்பாவமே. நீயே நாலு வரி எழுதிக் குடுத்துட்டுப் போயிடுப்பா.” அப்போதே பாலத்துப் பொறியாளர் தொலைபேசியில் காத்திருந்தார். ரிசீவரை என் கையில் கொடுத்தார்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான்கு வரியில் மறைக்கலாம். ‘ஆற்றுப்பாலத்தில் வர்ணம் பூசிக்கொண்டிருந்த தொழிலாளி நேற்று கால் வழுக்கி ஆற்றில் விழுந்து இறந்தார். அவருக்கு வயது 34. மனைவியும் ஒரு மகளும் உள்ளனர். பாலத்தில் போக்குவரத்துக்கு எந்த இடையூறும் இல்லை.’ கடைசி வரி பொறியாளர் சொன்னது. ஜனங்களை வீணாகப் பயமுறுத்தாதீர்கள் தம்பி, என்றார். அவர் சொன்ன தம்பியில் ஒரு மிரட்டலும் இல்லை, அதுதான் கொடுமை. வயது 34 என்று போடுவதற்கு முன் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன், 33 முடிந்துவிட்டதா என்று.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்குப் பேருந்தோடு பாலம் உட்கார்ந்துவிட்டது. நாங்கள் ஆஸ்பத்திரியில் மாமாவை வாங்குவதற்காகப் பிணவறை வாசலில் காத்திருந்தோம். ஒவ்வொருவராகக் கொண்டுவரத் தொடங்கினார்கள். மேடை போதாமல் தரையில் கிடத்தினார்கள், மாமாவையும் இறக்கி அவர்களோடு தரையில் போட்டார்கள். பேருந்திலிருந்து வந்தவர்களின் கால் கட்டைவிரலில் எல்லாம் எண் எழுதிய அட்டை கட்டினார்கள். ஒன்று முதல் முப்பத்தெட்டு வரை. மாமா காலில் அட்டை இல்லை, அவர் நேற்றைய ஆள். ஒருவருடைய சட்டைப்பைக்குள் அன்றைய எங்கள் பேப்பர் நாலாக மடித்து ஊறிக்கிடந்தது. எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

விசாரணைக்குழு வந்தது. ‘யாரும் எதிர்பாராத விபத்து’ என்று எழுதிவிட்டுப் போனது. முந்தின நாளே அதே பாலத்தில் இரும்பு கழன்று ஒருவர் செத்திருந்தால் யாரும் எதிர்பாராதது என்று எழுத முடியுமா? முடியாது. ஆகவே அவர் கால் வழுக்கித்தான் விழுந்தார். ஆதாரம், எங்கள் பத்திரிகை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கால் வழுக்கியவர் ஒரே வருடத்தில் குடித்துவிட்டு விழுந்தவராகிவிட்டார். மாமா டீயைத் தவிர எதையும் தொடாத மனிதர். பதினேழாம் தேதிதோறும் பள்ளிக்கூடத்தில் பாலத்தில் போனவர்களின் பிள்ளைகளை முன்னால் நிறுத்தி, எல்லாரும் இரண்டு நிமிடம் மௌனமாக நிற்பார்கள். அக்கா மகள் தன் வகுப்பு வரிசையிலேயே நின்று தன் அப்பாவைத் தவிர மற்ற எல்லாருடைய அப்பாவுக்காகவும் தலைகுனிவாள். பத்து வயதில் ஒருநாள் வந்து கேட்டாள், “அப்பா குடிப்பாராம்மா?” அக்கா அவளை அடித்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் முழுவதும் அடித்தவளே அழுதுகொண்டிருந்தாள்.

இத்தனையும் அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் நான் பேசியது தேதியைப் பற்றி.

“லிஸ்ட்டுல சேத்தா அவரு பஸ்ல போனதா ஆயிடும்க்கா. தப்பான தேதி. நாளைக்கு யாராச்சும் பழைய பேப்பரை எடுத்துப் பாத்தா?”

“யாருடா எடுத்துப் பாக்கப்போறா? ஊருக்கு ஞாபகம் இருக்கறது பாலம் மட்டும்தான். ஒரு நாள் முன்ன பின்ன இருந்தா என்னம்மான்னு செக்ரட்டரியே சொல்றாரு.”

“அது இல்லக்கா. நான் வேணா ஒண்ணு செய்யறேன். பதினாறாம் தேதிப் பத்தியில உண்மையப் போட்டுடறேன். இரும்பு கழண்டுதான் விழுந்தாருன்னு.”

சொல்லும்போதே பயமாக இருந்தது. போட்டாலும் போட்டுவிடுவேனோ என்று. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சின்ன வயதில் நான் பொய் சொல்லும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை.

“போடு. அப்புறம் அந்த முப்பத்தெட்டு வீட்டுக்காரங்களும் வருவாங்க. முந்தின நாளே தெரியுமான்னு கேப்பாங்க. போக்குவரத்துக்கு இடையூறு இல்லைன்னு எழுதினது யாருன்னு கேப்பாங்க. என்னடா சொல்லுவ?”

அந்த நான்கு வரிக்கு மேலே யார் பெயரும் கிடையாது. வீட்டில் நானும் சொன்னதில்லை.

“உனக்கு எப்படி…”

“நீதானே அன்னிக்கு ஆபீசுக்குப் போன? உங்க மாமாவுக்கு அந்த மாசம் முப்பத்திமூணு முடிஞ்சு முப்பத்திநாலு. ஊர்ல யாருக்குத் தெரியும் அது? என்னைக் கேட்டிருந்தாக்கூட முப்பத்தஞ்சுன்னுதான் சொல்லியிருப்பேன். இவ்வளவு சுத்தமா நீதான் எழுதுவ.”

என் ஒழுங்கே என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. அவள் குரலை உயர்த்தவில்லை. “நான் உன்னைக் கேக்கலையே. கேட்டேனா? உன் வேலையும் போயிருந்தா நாங்க ரெண்டு பேரும் என்ன பண்ணியிருப்போம்? உன் சோத்தத்தான் தின்னோம். அதனால வாய மூடிட்டு இருந்தேன். ஆனா இப்போ தேதி தப்புன்னு எங்கிட்ட சொல்லாத. அன்னிக்குத் தேதிய ஒழுங்காப் போட்டுட்டு மத்ததெல்லாம் பொய்யா எழுதின. இப்போ தேதிய மட்டும் பொய்யாப் போடு. மனுஷன் கௌரவமாப் போயிட்டுப் போறாரு.”

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவருகே நின்று, “இனிஷியல மறந்துடாத,” என்றாள்.

போட்டேன். பட்டியல் அகரவரிசையில் இருந்ததால் மாமா இருபத்திரண்டாவதாக வந்தார். முன்னும் பின்னும் அந்நியர்கள். யார் கண்ணுக்கும் தனியாகத் தெரியவில்லை. பதினாறாம் தேதிப் பத்தியில் 342 பெட்டிகள் வந்தன. பதினேழில் 38 என்பதை அடித்து 39 என்று எழுதினேன். புரூஃப் பார்ப்பவர் வந்து, “என்ன காலண்டர், இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு ஒண்ணு கூடுது?” என்றார். புதிய ஆதாரம் கிடைத்தது என்றேன். என் வார்த்தை என்றால் அவருக்கு வேறு கேள்வி கிடையாது.

விழா பதினேழாம் தேதி காலையில், புதுப்பாலத்தின் இந்தப் பக்கத்துத் திடலில். குடும்பத்தாருக்கு என்று முன்வரிசை நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். அக்கா இஸ்திரி போட்ட சேலையில் வந்திருந்தாள். மகளுக்கு லீவு கிடைக்கவில்லை, வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாள். அக்கா தன் பெயரெழுதிய நாற்காலியைத் தேடிக் கண்டுபிடித்து, அதில் ஒட்டியிருந்த சீட்டைக் கிழியாமல் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நான் அவளுக்குப் பின்வரிசையில் பத்திரிகைக்காரனாக உட்கார்ந்தேன். பேசினார்கள், திரை விலகியது, கை தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் கூட்டம் பாதி தட்டி நிறுத்தியது. கருங்கல்லில் பெயர்கள் இரண்டு பத்தியாக இருந்தன.

அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா, சட்டம் போட்ட ஒரு படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படத்தில் இருபது, இருபத்தொரு வயதில் ஒரு பெண். அந்த அம்மா அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

“உங்கள இதுக்கு முன்ன பாத்ததில்லையே. யாரும்மா உங்களுக்கு?”

“வீட்டுக்காரரு.”

“அதே பஸ்ஸா?”

அக்கா என்ன சொல்வாள் என்று நான் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

“அதே பஸ்தாம்மா. ஜன்னலோரம்.”

“எம் பொண்ணு புது வேலைக்குப் போயிட்டிருந்தா. அன்னிக்குத்தான் முதல் நாள். எப்பவும் கூட்டத்துல நின்னுக்கிட்டேதான் போவா. கால் வலிக்குதும்மாங்கும். கடைசியாவாச்சும் யாராவது எந்திரிச்சு எடம் குடுத்திருப்பாங்களான்னு…”

“அவரு குடுத்திருப்பாரும்மா,” என்றாள் அக்கா. “பொண்ணுங்க நின்னா அவருக்குப் பொறுக்காது. கண்டிப்பா எந்திரிச்சு குடுத்திருப்பாரு.”

அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை மார்போடு வைத்திருந்த படத்தை மெல்ல இறக்கினார். அது பாதி அவர் மடியிலும் பாதி அக்கா மடியிலுமாக இருந்தது. கீழே நழுவாமல் இருக்க அக்கா இன்னொரு கையால் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.