பூட்ஸோடு அளக்கப்பட்ட இளவரசர்

இளவரசர் எஸ்கிலை ரோஸ்கில்டே தேவாலயத் தூணில் அளந்த மறுநாள் காலை முதல் அவருடைய கால்கள் தரையில் படவில்லை. மூன்று விரற்கடை இடைவெளிதான். அவர் நடந்தால் சத்தமே வராததை வைத்து மனைவி அபெலோனா கண்டுபிடித்தாள்.

ராஜ குடும்பத்து ஆண்பிள்ளைகளுக்கு வயது வந்ததும், எங்கள் ஊர்த் தேவாலயத்துக் கருங்கல் தூணில் சாய்த்து நிறுத்தி, உச்சந்தலை மட்டத்தில் கோடு செதுக்கிப் பெயர் போடுவார்கள். வெறுங்காலோடு நிற்க வேண்டும், அதுதான் முறை. எஸ்கிலின் அண்ணன் ஏணி மாதிரி இருப்பார், இவர் பாவம் குள்ளம். கல்யாணமான பிறகும் அளவு நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவர். அரண்மனைக் காரியஸ்தர் ராஸ்முஸ், குழைவதற்கென்றே பிறந்த ஆள், "பூட்ஸ் காலிலேயே கிடக்கட்டும் இளவரசே, யார் குனிஞ்சு பார்க்கப்போறாங்க?" என்றார். தூண் பார்த்தது. கோடு எங்கே இருக்கிறதோ ஆள் அங்கே இருந்தாக வேண்டும் என்பது அதன் நியாயம். அத்தோடு விட்டதா? பொய்யாகப் போட்ட கோடு ஒவ்வொரு குளிர்காலமும் தானாகக் கொஞ்சம் மேலே ஏறியது. கூடவே அவரும் ஏறினார்.

அபெலோனா புருஷனுடைய அங்கியின் ஓரத்தில் ஈயம் வைத்துத் தைத்தாள். கடல் காற்று அடித்தால் ஓடிப்போய் ஜன்னல்களை அடைத்தாள். கடைசியில் ராஸ்முஸிடம் போய், "அந்தக் கோட்டைச் சுரண்டிட்டுச் சரியா ஒண்ணு போடுங்க ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று அழுதாள்.

"வாயைக் கழுவுங்கம்மா. ஒருத்தருக்கு ஒரு கோடுதான். சாப்பாட்டு மேசையில காலியா ஒரு நாற்காலி கிடக்கே, அது யாரோடதுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

அவளால் சொல்ல முடியவில்லை. யாராலும் முடியாது. அந்தக் காலத்தில் ஏதோ பங்காளிச் சண்டையில் ஓர் இளவரசரின் கோட்டைச் சுரண்டிவிட்டார்கள். மறுநாள் ஆளும் இல்லை, பெயரும் இல்லை. பெற்ற தாயே அந்த நாற்காலியைக் கட்டிக்கொண்டு, யாருக்காக அழுகிறோம் என்று தெரியாமல் சாகும்வரை அழுதாளாம். அதற்குப் பிறகு அபெலோனா கோட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

ஸ்வீடன்காரர்களோடு சண்டை வந்து போனது, ராஸ்முஸ் செத்தார், பிள்ளைகள் வளர்ந்தார்கள். எஸ்கில் சரவிளக்கு உயரத்துக்குப் போய்விட்டார். ரை தானிய ரொட்டியும் ஹெர்ரிங் மீனும் கழியில் கட்டி மேலே போயின.

"என்னங்க, மேலே குளிருதா?"

"குளிர் கிடக்கட்டும். உன் முகம்தான் சின்னதாகிட்டே போகுது."

மகன் ஹோல்கருக்கு அளவு நாள் வந்தது. அபெலோனா முந்தின நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தூணடியில் அவளே மண்டியிட்டு மகனுடைய காலுறைவரை கழற்றினாள். அப்படியும் பயம் அடங்கவில்லை.

"தலையைக் குனிடா."

"அம்மா, ரொம்பக் குட்டையாத் தெரிவேனே! ஊரே சிரிக்கும்."

"சிரிச்சுட்டுப் போகட்டும். நீ என் பக்கத்துல இரு, போதும்."

குனிந்த தலைக்குக் கோடு விழுந்தது. மறுநாள் காலை ஹோல்கரின் குதிகால்கள் தரைக்கல்லுக்குள் இருந்தன. கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்த கதைதான், வேறென்ன சொல்ல! அந்தக் குளிர்காலத்திலேயே இவன் கோடு கீழே இறங்க ஆரம்பித்தது.

இப்போது ஹோல்கர் மார்பளவு தரைக்குள் இருக்கிறான். கல் அவனுக்குத் தண்ணீர் மாதிரி வழிவிடுகிறது, வலியில்லை என்கிறான். பரிமாறுகிறவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள். மேலே போவதற்குள் சூப் ஆறிவிடுகிறது என்பதுதான் சமையல்கட்டில் புகார். சாப்பாட்டு நேரத்தில் அபெலோனா ஒரு கையில் புருஷனின் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்திருப்பாள். மறு கையால் மகனுடைய கையைப் பிடித்திருப்பாள். இரண்டையும் விடமாட்டாள். அதனால் மகள் மாரன்தான் அவளுக்கு ஊட்டிவிடுகிறாள். பெண்பிள்ளைகளை எங்கள் ஊரில் அளப்பதில்லை. அவள் எல்லோரையும் போலத் தரையில் நடக்கிறாள்.