தூங்காத பிள்ளை

தமயந்திக்கு உட்கார்ந்தால் எழ முடியவில்லை. பிள்ளை பிறந்து மூன்று வாரம் ஆகிறது. ஒரு நாளாவது கண்ணயர்ந்தானா என்றால் இல்லை. குடிக்கிறான், குடிக்கிறான், மறுபடி வீறிடுகிறான். அத்தனை குடித்தும் எடை இறங்கித்தான் இருந்தது. ஹவுராவை அடுத்த சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில், எல்லாரும் மாஷிமா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள், "என்ன முழி! பெரிய ஆபீசரா வருவான்" என்று கொஞ்சிவிட்டுப் போனாள். கொஞ்சுகிறவர்களுக்கு என்ன, ராத்திரி அவர்களா விழிக்கிறார்கள்!

"பால் பத்தலடி" என்று மாமியார் நாகலக்ஷ்மி பவுடர் பாலும் கரைத்துப் பார்த்தாள். பலனில்லை. கணவன் நிர்மலுக்கு யார்டில் டியூட்டி. அதனால் மாமியாரும் மருமகளுமே ஹவுராவில் குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"இதயம் ரொம்ப வேகமா ஓடுது. அம்மாவுக்குத் தைராய்டு உண்டா?"

"கம்மியா சுரக்குதுன்னு தினம் ஒரு மாத்திரை போடறா, அவ்வளவுதான்" என்று நாகலக்ஷ்மி முந்திக்கொண்டாள்.

"எதனால கம்மியாச்சு?"

தமயந்தியின் கை தானாகக் கழுத்துத் தழும்புக்குப் போனது. கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்குத் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்து, மருந்துக்கு அடங்காமல், மதுரையில் சுரப்பியையே வெட்டி எடுத்திருந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் அவள் அம்மா, சின்ன வயதில் கட்டி வந்து கீறியது என்று சொல்லிவிட்டாள். பிரசவம் பார்த்த டாக்டரிடமும் தமயந்தி அதையே சொன்னாள். மாமியார் பக்கத்திலேயே நின்றாளே! எடுத்துப் போட்ட வியாதி இனி என்ன செய்துவிடும் என்றும் ஒரு தைரியம்.

இப்போது சொன்னால் வீட்டில் என்ன நடக்குமோ. ஆனால் மடியில் பிள்ளையின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மறைப்பதற்கும் தெம்பு வேண்டுமே, அது அவளிடம் மிச்சமில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"சுரப்பி போனாலும் அதைத் தூண்டிவிட்ட ஆன்டிபாடி உங்க ரத்தத்துல இன்னும் இருக்கலாம்" என்றார் டாக்டர். "வயித்துல இருக்கும்போதே பிள்ளைக்கும் போயிருக்கும். அதான் இவனுக்கும் தைராய்டு அதிகமா சுரக்குது. இன்னிக்கே அட்மிட் பண்ணுங்க. மருந்து இருக்கு, சில மாசத்துல சரியாயிடும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா பிறந்ததுலேருந்தே கவனிச்சிருப்பாங்க."

பிள்ளையை உள்ளே கொண்டு போனார்கள். வெளியே பெஞ்சில், வரப்போகும் வசவுக்காகத் தமயந்தி தலைகுனிந்து காத்திருந்தாள்.

"மன்னிச்சிடுங்க அத்தை."

நாகலக்ஷ்மி அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். பிறகு, "என் தங்கச்சிக்கும் இதே ஆபரேஷன்தான். பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே தழும்பைப் பாத்து எனக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியுமா? அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ கூசிப்போவேன்னு விட்டுட்டேன்மா."

உள்ளே ஊசி குத்தினார்கள் போல, பிள்ளை வீறிட்டான்.

"கேட்டிருக்கலாமே அத்தை! அன்னிக்கே என்னை நாலு பேர் முன்னாடி திட்டியிருக்கலாமே!" என்று தமயந்தி மாமியாரின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.