லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் இரண்டு சீட்டுகள்

லிஃப்ட் மெக்கானிக்கிடம் ஒரே திங்கட்கிழமையில் இரண்டு ரகசியங்கள் வந்து சேர்ந்தன. ஒன்றோடு நின்றிருந்தால் மனுஷன் சமாளித்திருப்பார்.

அவருடைய மனைவியும் மகளும் ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில், கணிதப் பட்டப்படிப்பு இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார்கள். மனைவி பத்தொன்பது வயதில் கல்யாணம், இருபதில் குழந்தை என்று படிப்பை மூட்டை கட்டிப் பரணில் போட்டவள். பல் மருத்துவரின் கிளினிக்கில் முன்பதிவு மேசையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு விண்ணப்பம் வாங்கக் கல்லூரிக்குப் போன இடத்தில், 'வயது வரம்பு இல்லை' என்று பலகையில் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. இரண்டாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். கல்லூரி மதிய நேரக் கல்லூரி என்பதால் கிளினிக் வேலையையும் விடவேண்டியிருக்கவில்லை.

முதலில் மகளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. போகப்போகத்தான் கசந்தது. வகுப்பில் நாற்பத்திரண்டு பேரும் அவளுடைய அம்மாவை 'அம்மா' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். மகள் கொட்டாவி விட்டால் முதல் பெஞ்சிலிருந்து ஒரு தலை திரும்பிப் பார்த்தது. போன பருவத்தேர்வில் அம்மா மகளைவிட நான்கு மதிப்பெண் அதிகம் வாங்கியதோடு பெருமை முற்றிலும் வடிந்துவிட்டது.

மூன்றாம் ஆண்டுக்கு எல்லோரும் ஒரு சிறப்புப் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இயற்கணிதம், புள்ளியியல், இயங்கியல் என்று மூன்று. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் துறை அலுவலக வாசலில் இருக்கும் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட வேண்டும்.

திங்கள் காலை மகள் அப்பாவைத் தேடி, அவர் வேலை செய்துகொண்டிருந்த ஏழு மாடிக் கட்டடத்தின் உச்சிக்கே மூச்சிரைக்க ஏறி வந்தாள். லிஃப்ட்டைத்தான் அவர் கழற்றிப் போட்டிருந்தாரே.

"அப்பா, ஒரு ரகசியம். அம்மாகிட்ட சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு."

"எதுக்கு?"

"பண்ணு முதல்ல."

கையில் கிரீஸ் இருந்ததால் வாயால் சத்தியம் செய்தார்.

"நான் இயற்கணிதம் எடுக்கப் போறேன். ஆனா அம்மாகிட்ட புள்ளியியல்னு சொல்லிட்டேன். நான் எங்க போறேனோ அங்கதான் அவங்களும் வருவாங்க. அவங்க புள்ளியியலுக்குப் போகட்டும், நான் நிம்மதியா இருப்பேன்."

"இயங்கியல்னு ஒண்ணு இருக்குதாமே, அத யாரும் யோசிக்கலையா?" என்று மெக்கானிக் கேட்டார். கப்பி, கயிறு, எடை என்று அவருடைய பிழைப்பையே ஒரு பாடமாக வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு அதன்மேல் ஒரு பாசம். மகளின் புத்தகத்தில் 'ஒரு லிஃப்ட்டின் கயிறு அறுந்தால்' என்று தொடங்கும் கணக்கைப் பார்த்துவிட்டு மட்டும் கொஞ்சம் கோபப்பட்டிருந்தார். அறுந்தால் பிடித்துக்கொள்ளத்தான் தனியாக பிரேக் இருக்கிறதே, இதை எழுதியவன் லிஃப்ட்டில் ஏறியதே இல்லை என்பது அவருடைய கட்சி.

"இயங்கியலா? போப்பா" என்று சொல்லிவிட்டு மகள் இறங்கிப் போனாள்.

அன்று கல்லூரிக்குக் கிளம்புவதற்கு முன், மாடியில் துணி உலர்த்திக்கொண்டே மனைவி அவரைக் கூப்பிட்டாள். சாப்பிட வீட்டுக்கு வந்தவர் ஈரத் துணியின் மறு முனையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, ஒண்ணு சொல்றேன். உங்க பொண்ணு காதுல விழக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

ஒரே நாளில் இரண்டாவது சத்தியம். இருந்தாலும் செய்தார்.

"அவ புள்ளியியல் எடுக்கறாளாம். நான் இயற்கணிதம் எடுத்துடப் போறேன். என் நிழல் அவ மேல விழாம ஒரு வருஷமாவது படிக்கட்டும். ஆனா நானும் புள்ளியியல்னுதான் அவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். இல்லன்னா எனக்காக விட்டுக்குடுக்கறியான்னு கத்துவா."

துணியின் முனை மெக்கானிக்கின் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அதைத் திரும்ப அலசும் வேலையும் அவருக்கே வந்தது.

செவ்வாயும் புதனும் அவர் சாடைமாடையாகப் பேசிப் பார்த்தார். மகளிடம் புள்ளியியலைப் புகழ்ந்தார். "நாளைக்கு உலகமே புள்ளியியல்தானாம்மா" என்றார். "அம்மா சொல்லிக் குடுத்தாங்களா?" என்று அவள் முறைத்தாள். மனைவியிடமும் அதையே சொன்னார். "அவ உங்கள தூது அனுப்பினாளா? நான் கூடவே வரணும்னு ஆசப்படறாளா?" என்று கேட்டு, கண் கலங்கி, பிறகு அவளாகவே, "இல்லங்க, அவ நல்லதுக்குத்தான் நான் தள்ளி இருக்கணும்" என்று இன்னும் உறுதியாகிவிட்டாள்.

வியாழக்கிழமை காலை, வேறொரு கட்டடத்தில் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே ஒரு வக்கீல் மாட்டிக்கொண்டார். மெக்கானிக் நான்காவது மாடிக் கதவை நெம்பித் திறந்து எட்டிப் பார்த்தார். கீழே வக்கீலின் வழுக்கைத் தலையும் கறுப்புக் கோட்டும் தெரிந்தன.

"பயப்படாதீங்க சார். மேல போய் பிரேக்க விட்டு மெதுவா இறக்கிடறேன், அஞ்சு நிமிஷம்" என்றவர், கிளம்பாமல் அங்கேயே குந்தினார். "சார், ஒரு சந்தேகம். ஒருத்தர் ரெண்டு பேருக்கு சத்தியம் பண்ணிட்டார். ரெண்டு பேர் விஷயத்தையும் ரெண்டு பேருக்கும் சொல்லக் கூடாது. சொல்லலன்னா ரெண்டு பேருக்குமே நஷ்டம். சட்டப்படி என்ன பண்ணலாம்?"

"யோவ், முதல்ல என்ன வெளிய எடுய்யா!"

"எடுத்துட்டா நீங்க கோர்ட்டுக்குப் போயிடுவீங்களே சார்."

வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேலே பார்த்தார். வேறு வழியில்லை என்று புரிந்தது. "சத்தியத்தோட வாசகம் என்ன?"

"சொல்ல மாட்டேன்னு."

"எழுத மாட்டேன்னு பண்ணலையே?"

மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது. அந்த லிஃப்ட் அவருடைய வாழ்நாளிலேயே மிக மென்மையாகக் கீழே இறங்கியது.

வீட்டில் யாருமில்லாத மதியத்தில் உட்கார்ந்து எழுதினார். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று இடது கையால் எழுதினார். 'கவனம். நீ இயற்கணிதத்துக்குப் போனால் அவளும் அங்கேதான் வருகிறாள். இப்படிக்கு, நலம் விரும்பி.' எழுதி முடித்ததும் ஒரு யோசனை வந்தது. மகளுக்கு மட்டும் சொன்னால் மனைவிக்குச் செய்யும் துரோகம். மனைவிக்கு மட்டும் சொன்னால் மகள் ஆயுசுக்கும் பேசமாட்டாள். ஓரவஞ்சனை கூடாது. எனவே அச்சு அசலாக இன்னொன்று எழுதினார். சாயங்காலம் இரண்டு பேரும் கல்லூரியிலிருந்து வந்து கை கால் கழுவப் போன நேரம் பார்த்து, ஆளுக்கொன்றாக இரண்டு பேரின் நோட்டிலும் செருகினார். மனப்பாரம் இறங்கிச் சாப்பாடு இரண்டு கவளம் கூடுதலாகவே இறங்கியது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மகள் போனில் கிசுகிசுத்தாள். "அப்பா, தேங்க்ஸ். கடைசி நேரத்துல மாத்தி புள்ளியியல் போட்டுட்டேன். அம்மா இயற்கணிதத்துல தனியா இருக்கட்டும்."

"ஓ" என்றார்.

மூன்று மணி மூன்று நிமிஷத்துக்கு மனைவியின் போன். அவளும் கிசுகிசுத்தாள். "என்னங்க, நல்ல வேளை எழுதி வெச்சீங்க. பிள்ள இயற்கணிதத்துக்கு ஆசப்பட்டிருக்கா, நான் போய்க் கெடுக்கப் பாத்தேனே. புள்ளியியல்னு மாத்திப் போட்டுட்டேன்."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். ஒருத்தியிடம் மட்டும் சொல்லியிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, பெல்ட்டில் தொங்கிய கருவிகளோடு பறந்தார்.

மூன்று நாற்பதுக்கு வகுப்பறைக் கதவைத் தட்டினார். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த ஆசிரியர் திரும்பி, கிரீஸ் படிந்த சட்டையைப் பார்த்து, "ஃபேன் ரிப்பேரா? கடைசி வரிசைல இருக்கு பாருங்க" என்றார்.

"இல்ல சார். என் பொண்ண கொஞ்சம் கூப்பிடணும். அப்புறம்... என் பொண்டாட்டியையும்."

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. மகள் பெஞ்சுக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தாள். மனைவி அடக்கமாக எழுந்து, "எக்ஸ்க்யூஸ் மீ சார்" என்று சொல்லி வெளியே வந்தாள்.

துறை அலுவலக வாசலில் வைத்து மெக்கானிக் எல்லாவற்றையும் கொட்டினார். சத்தியம், வக்கீல், இடது கை, எல்லாவற்றையும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பையிலிருந்து அவர் எழுதிய சீட்டை எடுத்தார்கள். இரண்டின் தலைப்பிலும் 'லிஃப்ட் பராமரிப்புச் சேவை, எந்நேரமும் அழைக்கவும்' என்று அச்சடித்திருந்தது.

"நீங்கதான் எழுதினதுன்னு பாத்தவுடனே தெரிஞ்சுது. ஆனா எனக்கு மட்டும்தான் எழுதினீங்கன்னு இல்ல நெனச்சேன்!" என்றாள் மனைவி.

"எனக்கு மட்டும்னு நான் நெனச்சேன்" என்றாள் மகள். கொஞ்ச நேரத்துக்கு இரண்டு பேரின் கோபமும் ஒரே திசையில் இருந்தது. மெக்கானிக் சுவரோரம் ஒதுங்கினார்.

பிறகு மகள் அம்மாவிடம் திரும்பினாள். "நீ ஏம்மா இப்படிப் பண்ற? எனக்கு க்ளாஸ்ல மூச்சு விட முடியல. நீ கேள்வி கேட்டுக்கிட்டே இருப்ப, எல்லாரும் என்னப் பாப்பாங்க."

"நான் கேள்வி கேட்டு மூணு மாசம் ஆச்சுடி."

"என்ன?"

"நான் கை தூக்கறப்பல்லாம் உன் மூஞ்சி சுருங்குது. அதான் விட்டுட்டேன். புரியாட்டியும் தலையாட்டிட்டு உக்காந்திருக்கேன்."

"உனக்குப் புரியலையா? நீ தலையாட்டறதப் பாத்துட்டு, அம்மாவுக்கே புரிஞ்சிடுச்சு, எனக்கு மட்டும் மண்டைல ஏறலன்னு நானும் கேக்காம உக்காந்திருக்கேன். இயற்கணிதத்துல 'குலம்'னு ஒரு பாடம் வருதே, அது என்னன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் சரியாத் தெரியாது!"

"எனக்கு அது தெரியும். அதுக்கு அடுத்த பாடம்தான் தெரியாது."

"அது எனக்குத் தெரியுமே!"

அலுவலகச் சன்னலுக்குள்ளிருந்து எழுத்தர் அம்மாள் தலையை நீட்டினார். இவ்வளவு நேரம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தவர்தான். "குடும்பச் சண்டையா? நாலு மணிக்குப் பெட்டியத் திறந்துடுவேன். மாத்தணும்னா புதுச் சீட்டு போடுங்க, பழசு செல்லாது. இன்னும் ஒன்பது நிமிஷம்."

"நீ இயற்கணிதம் போடும்மா, நான் புள்ளியியல்லயே இருக்கேன்" என்றாள் மகள்.

"வேண்டாம், நீ போடு. நான் விட்டுக்குடுக்கறேன்" என்று வழக்கம்போல ஆரம்பித்த மனைவி, பாதியில் நிறுத்தினாள். எதையோ நினைத்துக்கொண்டவள் போல் நிமிர்ந்தாள். "ஏன் விட்டுக்குடுக்கணும்? இருபது வருஷமா இந்த வீட்டுல மிச்ச மீதிதான் எனக்கு. இந்த ஒரு பாடம் எனக்குப் பிடிச்சிருக்கு. பேனா குடுங்க மேடம். நான் இயற்கணிதம்தான். உனக்குக் கஷ்டமா இருந்தா நீ எங்க வேணா போ."

மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரலை அவள் இதுவரை கேட்டதில்லை; மெக்கானிக்கும் கேட்டதில்லை. அவருக்குப் பெருமையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எதைக் காட்டினாலும் அடி விழும் என்று இரண்டையும் விழுங்கினார்.

"எழுதிட்டு பேனாவ இங்க குடு" என்றாள் மகள். "நானும் அதேதான். ஆனா டிபன் பாக்ஸ் எனக்குத் தனியா. நான் கொட்டாவி விட்டா திரும்பிப் பாக்கக் கூடாது."

"நீ என் மார்க்கப் பாத்து மூஞ்சியத் தூக்கக் கூடாது."

"அத நான் ஏன் தூக்கறேன்? அடுத்த தடவ உன்னத் தாண்டிடுவேன்."

"பாக்கலாம்."

மூன்று ஐம்பத்தெட்டுக்கு இரண்டு சீட்டுகளும் பெட்டிக்குள் விழுந்தன. எழுத்தர் அம்மாள் மெக்கானிக்கைப் பார்த்து, "உங்களுக்கும் ஒரு சீட்டு தரட்டுமா?" என்று கேட்டார். இயங்கியலுக்கு ஆள் குறைவாகத்தான் இருக்கிறதாம். மெக்கானிக் நிஜமாகவே ஒரு கணம் யோசித்தார். அதற்குள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் ஆண்டு தொடங்கிய முதல் வாரம், ஆசிரியர் "சந்தேகம் ஏதாவது?" என்று கேட்டதும் முதல் பெஞ்சிலிருந்து ஒரு கையும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கையும் சேர்ந்து உயர்ந்தன. இரண்டு பேருக்கும் ஒரே சந்தேகம். ஆசிரியர் பலகையைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், திங்கட்கிழமை சொல்கிறேன் என்றார். அந்த மூன்று நாளும் வீட்டில் அடுப்பு மெக்கானிக்கின் பொறுப்பாயிற்று. சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள்கள். அம்மா ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம், ஒருத்தி எழுதுவதை மற்றவள் அடிப்பதும், "லூசாம்மா நீ, இங்க பாரு" என்பதும், "அடியேய், அத நான் நேத்தே சொன்னேன்" என்பதுமாக வீடு இரண்டுபட்டது. ஞாயிறு மதியம் விடை கிடைத்தபோது போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர், தீப்பற்றிக்கொண்டதோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரே ஒரு குறைதான் மெக்கானிக்குக்கு. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவரிடம் எந்த ரகசியமும் சொல்வதில்லை.